1,000 டொலர் அபராதமும் 10 வருட அளவுகோலும்: கனடாவில் ஒரு குற்றத்தீர்ப்பு உங்கள் வதிவுரிமையை என்ன செய்யும்?

“ஆயிரம் டொலர் கட்டியாச்சு அண்ணை, கேஸ் முடிஞ்சுது.”

ரொறன்ரோவில் ஒரு நீதிமன்ற வாசலில் நின்று இதைச் சொன்னவரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறந்தநாள் கொண்டாட்டம் ஒன்றிலிருந்து வீடு திரும்பும்போது பொலிஸ் மறித்தது. மூச்சைச் சோதித்ததில் மது அளவு கூடுதலாக இருந்தது. வாழ்க்கையில் முதல் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டார். சட்டம் அனுமதிக்கும் ஆகக் குறைந்த அபராதம். ஒரு வருடம் கார் ஓட்டத் தடை. சிறை இல்லை. அன்று அவர் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். சில மாதங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. பாரதூரமான குற்றம் காரணமாக நீங்கள் கனடாவில் இருக்கத் தகுதி இழந்தவராகக் கருதப்படலாம், உங்கள் விளக்கத்தை எழுதி அனுப்புங்கள் என்றது அது. அவர் 15 வருடங்களாக நிரந்தர வதிவாளர். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க நேரமே கிடைக்கவில்லை என்று சொன்னார்.

நான் சட்டத்தரணி அல்ல. மொழி உதவிக்காகப் பலரோடு இப்படியான கடிதங்களை உட்கார்ந்து வாசித்தவன். வாசிக்க வாசிக்க ஒன்று புரிந்தது. எங்கள் ஆட்கள் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவதில்லை. பயப்படத் தேவையில்லாத இடத்தில் நடுங்குகிறார்கள். வீதிப் போக்குவரத்து டிக்கெட்டுக்காக நித்திரை இல்லாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் நீதிமன்றத்தில் ஐந்து நிமிடத்தில் ‘கில்ட்டி’ என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கட்டுரை கனடாவைப் பற்றியது மட்டும்தான். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ விதிகள் வேறு.

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு கருத்து. குற்றவியல் நீதிமன்ற நீதிபதி, ‘நீ செய்த தவறு எவ்வளவு பெரிது?’ என்று பார்த்து அதற்கேற்ற தண்டனை தருகிறார். குடிவரவுச் சட்டம் அந்தத் தண்டனையோடு நிற்பதில்லை. ‘இந்தக் குற்றத்துக்குச் சட்டப்புத்தகத்தில் அதிகபட்சம் எத்தனை வருடச் சிறை?’ என்று கேட்கிறது. உங்களுக்குக் கிடைத்தது வெறும் அபராதமாக இருக்கலாம். புத்தகத்தில் 10 வருடம் என்று எழுதியிருந்தால் அந்த எண்தான் பேசும்.

நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

ஒரே குற்றம் மூன்று பேருக்கு மூன்று விதமாக முடியும். கனடியக் குடிமகன் ஒருவர் எந்தக் குற்றத்துக்காகச் சிறை சென்றாலும் அதற்காக அவரை நாடுகடத்த முடியாது. பொய் சொல்லிக் குடியுரிமை பெற்றிருந்தால் மட்டும் கதை வேறு. நிரந்தர வதிவாளருக்கு, அதாவது நாங்கள் ‘பி.ஆர்.’ என்று சொல்பவருக்கு, ‘பாரதூரமான குற்றம்’ என்ற வகைக்குள் வந்தால் ஆபத்து. மாணவர் அனுமதியிலோ வேலை அனுமதியிலோ விருந்தினர் விசாவிலோ இருப்பவருக்குச் சிறிய குற்றமே போதும்.

அந்த மூன்றாவது படியில் நிற்பவர்களில் இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விளக்குகிறேன். கனடாவில் குற்றங்கள் மூன்று வகை. சிறியவை ‘சமரி’. பெரியவை ‘இண்டைட்டபிள்’. அரச வழக்கறிஞர் விரும்பினால் எந்த வழியிலும் நடத்தக்கூடியவை ‘ஹைபிரிட்’. குற்றவியல் கோவையில் அன்றாடம் காணும் குற்றங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகை. வழக்கறிஞர் இரக்கப்பட்டு அதைச் சமரியாகவே நடத்தி முடித்தாலும் குடிவரவுச் சட்டம் அதை இண்டைட்டபிளாகத்தான் எண்ணும். 36ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு அப்படியே சொல்கிறது. கடையில் 40 டொலர் பொருள் திருடியதும் ஹைபிரிட். மாணவர் ஒருவர் அதில் குற்றவாளி என்று ஒரு தடவை தீர்ப்பானாலே அவர் நாட்டில் இருக்கத் தகுதி இழக்கலாம். ‘சின்ன விஷயம், சமரிதான்’ என்று நண்பர் சொல்லும் ஆறுதல் அவரைக் காப்பாற்றாது.

10 வருடம், 6 மாதம்

நிரந்தர வதிவாளருக்கு வருவோம். 2002இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. கனடாவில் செய்த குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ என்றால் அது பாரதூரமான குற்றம். அல்லது, அதிகபட்சம் எதுவாக இருந்தாலும், உங்களுக்கு உண்மையாகவே 6 மாதத்துக்கு மேல் சிறை விதிக்கப்பட்டிருந்தால் அதுவும் பாரதூரமான குற்றம். இரண்டில் ஒன்று போதும்.

முதல் அளவுகோலில்தான் எங்கள் ஆட்கள் விழுகிறார்கள். ஏனென்றால் 10 வருடம் என்ற எண் கொலை, கொள்ளைக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறோம். 5,000 டொலருக்கு மேற்பட்ட திருட்டுக்கு அதிகபட்சம் 10 வருடம். அதே தொகைக்கு மேற்பட்ட மோசடிக்கு 14 வருடம். களவாடிய கடனட்டையைப் பாவித்தால் 10 வருடம். போலிப் பத்திரத்தைத் தெரிந்தே பயன்படுத்தினாலும் 10 வருடம்.

குடும்பச் சண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கணவன் மனைவியை அடித்துப் பொலிஸ் வந்தால், ‘நான் புகார் சொல்லவில்லை, விடுங்கோ’ என்று மனைவி கெஞ்சினாலும் வழக்கு தொடர்ந்து நடக்கும். வழக்கை வைத்திருப்பது அவர் அல்ல, அரசு. சாதாரணத் தாக்குதலுக்கு அதிகபட்சம் 5 வருடம். ஆனால் கையில் ஏதாவது பொருள் இருந்தால் அது ஆயுதத்தோடு செய்த தாக்குதல் ஆகிவிடும். அதற்கு 10 வருடம். ஆயுதம் என்றால் கத்தி, துப்பாக்கி என்று எண்ண வேண்டாம். ஒருவரைக் காயப்படுத்தவோ மிரட்டவோ பயன்படுத்தும் எந்தப் பொருளும் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். வீசியெறிந்த கைத்தொலைபேசி, ஓங்கிய பூரிக்கட்டை, எல்லாமே. கழுத்தை நெரிப்பதும் 2019இலிருந்து அதே 10 வருடப் பிரிவுக்குள் வந்துவிட்டது. அடி வாங்கியவரின் வலியைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஒரு இரவு அந்தக் குடும்பத்தின் வதிவுரிமையையும் தொடும் என்பதை இரண்டு பேரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

மது அருந்திவிட்டு வண்டி ஓட்டுவதற்கு முன்பு அதிகபட்சம் 5 வருடம்தான். 2018 டிசம்பர் 18ஆம் திகதி அது 10 ஆக மாறியது. அன்றிலிருந்து, யாருக்கும் ஒரு கீறல் படாத முதல் தடவைக் குற்றமும் நிரந்தர வதிவாளருக்குப் பாரதூரமான குற்றம் ஆகிவிட்டது. ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுவதும் விபத்து நடந்த இடத்தில் நிற்காமல் போவதும் அதே நாளில் அதே வகைக்குள் ஏறின. நான் முதலில் சொன்னவருக்கு நடந்தது இதுதான். அவர் கட்டியது 1,000 டொலர். புத்தகத்தில் இருந்தது 10 வருடம்.

இதில் திகதி முக்கியம். ‘ட்ரான்’ என்ற வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தபோது, குற்றம் நடந்த நாளில் இருந்த அதிகபட்சத்தைத்தான் பார்க்க வேண்டும், பின்பு கூட்டியதை அல்ல என்றது. கஞ்சாச் செடி வளர்த்த ஒரு வியட்நாமிய வதிவாளரின் வழக்கு அது. அவர் குற்றம் செய்தபோது அதிகபட்சம் 7 வருடம். வழக்கு நடக்கும்போது அது 14 ஆகியிருந்தது. வீட்டிலிருந்தபடியே நிபந்தனைகளோடு கழிக்கும் தண்டனையை ‘சிறைத்தண்டனை’ என்று எண்ணக்கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதன் பயன் பெரிது. 2018 டிசம்பர் 18க்கு முந்திய மதுவழக்கு ஒன்று உங்களிடம் இருந்தால் அதை 5 வருட அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

எது கணக்கில் வராது?

நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்படுவது வேறு, குற்றவாளி என்று தீர்ப்பாவது வேறு. கைவிடப்பட்ட வழக்கு, விடுதலையான வழக்கு இரண்டும் கனடாவில் குற்றத்தீர்ப்பு ஆகா. ‘பீஸ் பொண்ட்’ என்று சொல்லும், ஒழுங்காக நடப்பேன் என்று எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியும் குற்றத்தீர்ப்பு அல்ல. தவறை ஒப்புக்கொண்ட பின்னும் நீதிபதி ‘டிஸ்சார்ஜ்’ கொடுத்தால், அதாவது குற்றத்தீர்ப்பு எழுதாமல் விடுவித்தால், நிபந்தனையோடு கொடுத்தாலும் இல்லாமல் கொடுத்தாலும், அதைக் குற்றத்தீர்ப்பாகச் சட்டம் கருதுவதில்லை. இது தெரியாமல், ‘ஃபைன் கட்டினால் சுகம், நன்னடத்தைக் காலம் எல்லாம் இழுபறி’ என்று நினைத்து அபராதத்தைத் தெரிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். அபராதம் குற்றத்தீர்ப்பு. டிஸ்சார்ஜ் அப்படி அல்ல. வெளியில் பார்த்தால் கடினமாகத் தெரிவது உள்ளே இலேசானது.

ஆனால் எல்லாக் குற்றத்துக்கும் டிஸ்சார்ஜ் கிடைக்காது. குறைந்தபட்சத் தண்டனை என்று சட்டமே வகுத்துவைத்த குற்றங்களுக்கு அது இல்லை. மதுவழக்கில் முதல் தடவைக்கே குறைந்தது 1,000 டொலர் அபராதம் என்று எழுதியிருக்கிறது. அதனால்தான் அந்த வழக்குகளில் சட்டத்தரணிகள் வேறு வாசலைத் தேடுவார்கள். ஒன்ராறியோவின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் ‘கவனயீனமாக ஓட்டியது’ என்று ஒரு குற்றம் உண்டு. அது மாகாணச் சட்டம். குடிவரவுச் சட்டம் எண்ணுவது மத்திய பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களின் கீழான குற்றங்களை. அரச வழக்கறிஞர் இணங்கி, பெரிய குற்றச்சாட்டை மீளப்பெற்று, கவனயீன ஓட்டத்துக்கு ஒப்புக்கொள்ள விட்டால், அபராதமும் காப்புறுதிக் கட்டணமும் ஏறும், வதிவுரிமை தப்பும். எல்லா வழக்கிலும் இதற்கு இணங்கமாட்டார்கள். கேட்காவிட்டால் ஒருபோதும் கிடைக்காது.

இளவயதினருக்கான நீதிமன்றத்தில் முடிந்த வழக்குகளும், வயதுவந்தவர்களுக்குரிய தண்டனை தராதவரை, கணக்கில் வருவதில்லை.

‘கில்ட்டி’ என்று சொல்வதற்கு முன்னால்

என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. வதிவுரிமை பெரும்பாலும் நாடுகடத்தல் விசாரணையில் இழக்கப்படுவதில்லை. அதற்கு ஒரு வருடம் முன்னால், குற்றவியல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இழக்கப்படுகிறது. பின்னால் வருவதெல்லாம் அதன் எதிரொலி.

ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். 2013இல், ‘ஃபாம்’ என்ற வழக்கு. வதிவாளர் ஒருவருக்கு 2 வருடச் சிறை. அந்த நாளில் 2 வருடம் என்றால் நாடுகடத்தும் கட்டளைக்கு எதிரான மேன்முறையீட்டு உரிமை இல்லை. இது தண்டனை விதித்த நீதிபதிக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு நாளைக் குறைத்தது. 2 வருடத்துக்கு ஒரு நாள் குறைவு. அந்த ஒரு நாளில் அவருடைய மேன்முறையீட்டு உரிமை திரும்பி வந்தது. தண்டனை நியாயமான எல்லைக்குள் இருக்கும்வரை, குடிவரவு விளைவையும் நீதிபதி கருத்தில் எடுக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே வருடம் ஜூனில் பாராளுமன்றம் அந்த 2 வருட எல்லையை 6 மாதமாகக் குறைத்துவிட்டது. இன்று 6 மாதமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவின் கதவு மூடப்படும். தீர்ப்புக்கு முன் பிணை கிடைக்காமல் உள்ளே இருந்த நாட்களையும் அதில் சேர்த்து எண்ணுவார்கள். ஆகவே இப்போது சட்டத்தரணிகள் கேட்பது ‘6 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு’.

இன்னொன்று, 2018இல் வந்த ‘வொங்’ வழக்கு. கொக்கெயின் விற்ற குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு சீன வதிவாளர், தண்டனை கிடைத்தால் வதிவுரிமை போகும் என்று தனக்கு யாருமே சொல்லவில்லை என்று வழக்காடினார். அவர் அறியாமல்தான் ஒப்புக்கொண்டார் என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. இருந்தும் பெரும்பான்மை நீதிபதிகள் அவர் பக்கம் தீர்க்கவில்லை. ‘தெரிந்திருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருப்பேன்’ என்று அவர் தன் சத்தியக் கடதாசியில் சொல்லவில்லை என்பதே காரணம். ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெறுவது சாத்தியம். ஆனால் எவ்வளவு கடினம் என்பதை இந்த ஒரு வழக்கே காட்டும்.

ஆகவே, குற்றவியல் சட்டத்தரணியிடம் நீங்கள் சொல்லும் முதல் வசனம் ‘நான் சிற்றிசன் இல்லை’ என்பதாக இருக்கட்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பெயரைப் பார்த்து எவரும் உங்கள் அந்தஸ்தை ஊகிக்க முடியாது. இருபது வருடம் இங்கே வாழ்ந்தவர் குடிமகனாகத்தான் இருப்பார் என்று எண்ணிவிடுவார்கள். நீதிமன்றத்தில் அன்றைய தினம் இலவசமாகக் கிடைக்கும் சட்டத்தரணி நல்லவராகவே இருந்தாலும், அவருக்கு முன்னால் இன்னும் முப்பது கோப்புகள் இருக்கும். வழக்கை ஒரு தவணை தள்ளிவைக்கும்படி கேட்டு, இடையில் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைக் காணுங்கள். மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. தலையை ஆட்டிவிட்டு வராதீர்கள்.

கடிதம் வந்த பிறகு

தீர்ப்பான தகவல் கனடா எல்லைச் சேவைகள் முகமைக்குப் போகிறது. அங்கே ஓர் அதிகாரி, சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழ் ஓர் அறிக்கை எழுதலாமா என்று பார்க்கிறார். எழுதுவதற்கு முன்பு பொதுவாக உங்கள் விளக்கத்தைக் கேட்டு ஒரு கடிதம் வரும். நான் வாசித்த கடிதங்களில் இதுவே மிகப் பெறுமதியானது. பலர் பயத்தில் பதில் போடுவதில்லை. அல்லது இரண்டு வரியில் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் அதிகாரிக்கு ஓரளவு சுதந்திரம் உண்டு. எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிடவும் முடியும். வேலை, வரி, பிள்ளைகளின் படிப்பு, மதுவிலிருந்து விடுபடச் சேர்ந்த வகுப்பு, வயதான பெற்றோரின் மருத்துவக் கடிதம், கோயிலிலோ தேவாலயத்திலோ செய்த தொண்டு, எல்லாம் இங்கே பத்திரமாக வேண்டும்.

அறிக்கை மேலே போனால் குடிவரவு அகதிகள் சபையின் குடிவரவுப் பிரிவு விசாரிக்கும். அங்கே மனிதாபிமானத்துக்கு இடம் அதிகம் இல்லை. தீர்ப்பு இருக்கிறதா, அதிகபட்சம் 10 வருடமா என்று இரண்டு கேள்விதான். 2018 ஏப்ரலில் சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் ஹொக்கி அணியின் பஸ்ஸோடு பார ஊர்தி மோதி 16 பேர் இறந்தார்கள். அந்த ஊர்தியை ஓட்டிய ஜஸ்கிரத் சிங் சித்து முன்பு எந்தக் குற்றமும் செய்யாத இளைஞர். மது இல்லை, போதை இல்லை. நிறுத்தக் குறியைக் கவனிக்காமல் போனார். எல்லாக் குற்றச்சாட்டையும் ஒப்புக்கொண்டார். 8 வருடச் சிறை. 2024 மேயில் அவரை நாடுகடத்தும்படி கட்டளை வந்தது. தண்டனை 6 மாதத்தைத் தாண்டியதால் மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வழியில்லை. அந்த விபத்தில் பிள்ளைகளை இழந்தவர்களில் சிலர் அவர் போக வேண்டும் என்றார்கள். சிலர் மன்னித்து, இருக்கட்டும் என்றார்கள். குடிவரவுப் பிரிவு அந்த இரண்டு குரலையும் எடைபோட அமைந்த இடம் அல்ல.

6 மாதத்துக்குக் குறைவான தண்டனை என்றால், கட்டளை கிடைத்து 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். இங்கேதான் உங்கள் முழு வாழ்க்கையையும் கேட்பார்கள். குற்றம் எவ்வளவு பெரியது, திருந்தும் சாத்தியம் உண்டா, எத்தனை வருடம் இங்கே வேரூன்றியிருக்கிறீர்கள், குடும்பம் என்ன ஆகும், திரும்பிப் போனால் என்ன கஷ்டம் என்ற இந்தக் கேள்விகள் 1985இன் ஒரு தீர்ப்பிலிருந்து இன்றுவரை பின்பற்றப்படுகின்றன. பிள்ளைகளின் நலனும் அதில் சேரும். பல வழக்குகளில் கட்டளையை ரத்துச் செய்யாமல், நிபந்தனைகளோடு சில வருடங்களுக்கு நிறுத்திவைப்பார்கள். அந்தக் காலத்தில் மறுபடியும் ஒரு பாரதூரமான குற்றத்தில் தீர்ப்பானால் நிறுத்திவைத்தது தானாகவே விழுந்துவிடும்.

அகதியாக ஏற்கப்பட்டவருக்கு ஒரு கூடுதல் கவசம் உண்டு. பொதுமக்களுக்கு ஆபத்தானவர் என்று அமைச்சர் தரப்பில் தனியாக முடிவு செய்யாமல், அவரை அவர் தப்பிவந்த நாட்டுக்கு அனுப்ப முடியாது. 2002இல் சுரேஷ் என்ற ஈழத்தமிழரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாக அரசியலமைப்புக்கு விரோதமானது என்றது. அது தேசியப் பாதுகாப்பு வழக்கு. ஆனாலும் அந்தத் தீர்ப்பின் நிழலில் நின்று தப்பியவர்கள் பல நாட்டவர்.

குழுக் குற்றம் என்பது இதைவிடக் கொடியது. 2001 ஒக்ரோபரில் ரொறன்ரோவில் தமிழ் இளைஞர் குழுக்களைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லிப் பொலிசும் குடிவரவு அதிகாரிகளும் பலரை ஒரே நேரத்தில் பிடித்தது எங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதைத் தொடர்ந்த வழக்கு ஒன்றில் 2006இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், முன்பு உறுப்பினராக இருந்ததே போதும் என்றும், ஒரு குழுவுக்கு இறுக்கமான அமைப்பு இருக்கத் தேவையில்லை என்றும் சொன்னது. இந்த வகைக்குத் தனிப்பட்ட குற்றத்தீர்ப்பே தேவையில்லை. மேன்முறையீட்டுப் பிரிவும் இல்லை. மனிதாபிமான விண்ணப்பமும் இல்லை.

ஊரில் நடந்தது

நிரந்தர வதிவுரிமைக்கு இனித்தான் விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு முக்கியம் இது. வெளிநாட்டில் நடந்த குற்றத்தைக் கனடியச் சட்டத்துக்கு மாற்றிப் பார்ப்பார்கள். அங்கே அதற்கு என்ன பெயர், என்ன தண்டனை என்பது அல்ல கேள்வி. அதே செயலை இங்கே செய்திருந்தால் என்ன குற்றம், அதிகபட்சம் எவ்வளவு என்பதே கேள்வி. தண்டனை முடிந்து 5 வருடம் ஆனால் ‘திருந்திவிட்டேன், ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று விண்ணப்பிக்கலாம். 10 வருடத்துக்குக் குறைந்த அதிகபட்சமுள்ள ஒரேயொரு குற்றம் என்றால், தண்டனை முடிந்து 10 வருடம் கடந்ததும் பெரும்பாலும் காலமே அதை ஆற்றிவிடும். விண்ணப்பத்தில் சேர்த்த துணைவருக்கோ பிள்ளைக்கோ இருக்கும் குற்றமும் முழுக் குடும்பத்தின் விண்ணப்பத்தையும் விழுத்தக்கூடும்.

படிவத்தில் வரும் ஒரு கேள்வியில் எங்கள் சனம் அடிக்கடி தடுக்கி விழுகிறது. குற்றவாளி என்று தீர்ப்பானீர்களா என்று மட்டும் அது கேட்பதில்லை. எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீர்களா, சிறையில் இருந்தீர்களா என்றும் கேட்கிறது. இலங்கையில் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதம்வரை உள்ளே வைக்க முடிந்தது. சுற்றிவளைப்பில் பிடிபட்டு இரண்டு நாள் முகாமில் இருந்தவர்கள் எத்தனை ஆயிரம்! தமிழ்நாட்டில் மறியலில் கைதாகி, கல்யாண மண்டபத்தில் உட்காரவைக்கப்பட்டு, சாயந்திரம் விடுவிக்கப்பட்டவர்களும் அப்படித்தான். இதெல்லாம் குற்றம் இல்லை. வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் ‘இல்லை’ என்று எழுதினால் அதுவே தனிக் குற்றமாகும். உண்மையை மறைத்தால் 5 வருடத்துக்கு விண்ணப்பிக்கத் தடை. குடியுரிமை கிடைத்து இருபது வருடம் கழித்து அந்தப் பொய் வெளியே வந்தாலும் குடியுரிமையையே பறிக்கலாம். ‘ஆம்’ என்று எழுதி, என்ன நடந்தது என்று ஒரு பக்கம் விளக்கம் வையுங்கள். இயக்கத் தொடர்பு என்ற கேள்வி அதற்குள் வந்தால் அது பாதுகாப்புப் பிரிவின் விஷயம்; அதை மட்டும் சட்டத்தரணி இல்லாமல் எழுத வேண்டாம்.

குடியுரிமைக்குப் போகும்போது

இங்கே விதிகள் வேறு சட்டத்தில் இருக்கின்றன. வதிவுரிமையைத் தொடாத குற்றம்கூடக் குடியுரிமையைத் தள்ளிப்போடலாம். விண்ணப்பிப்பதற்கு முந்திய 5 வருடத்தில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். சிறையில், பரோலில், நன்னடத்தைக் கண்காணிப்பில் கழித்த நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. சிலர் இதைத் தெரியாமல் விண்ணப்பித்துப் பல மாதக் காத்திருப்பை இழந்திருக்கிறார்கள்.

விண்ணப்பத்துக்கு முந்திய 4 வருடத்துக்குள் இண்டைட்டபிள் வகைக் குற்றத்தில் தீர்ப்பாகியிருந்தால் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுத் தீர்ப்பும் இதில் அடங்கும். அந்த வகைக் குற்றத்துக்கு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதும் குடியுரிமை தரமாட்டார்கள். இந்தத் தடை சத்தியப்பிரமாணம் எடுக்கும் நிமிடம்வரை நீடிக்கும். பரீட்சையில் சித்தியடைந்து, விழாவுக்குத் திகதியும் வந்து, அதற்கு முந்திய வாரம் ஒரு சண்டையில் வழக்கு விழுந்தால், அந்தத் திகதியை மறந்துவிட வேண்டியதுதான். வழக்கை மறைத்துச் சத்தியம் செய்வதைவிட அறிவித்துவிட்டுக் காத்திருப்பது எத்தனையோ மடங்கு மேல்.

எல்லோரும் ‘பார்டன்’ என்று சொல்வதற்கு இப்போதைய பெயர் பதிவு இடைநிறுத்தம். தண்டனை முழுவதும் முடிந்து, கட்ட வேண்டிய அபராதமும் கட்டி, சமரிக் குற்றத்துக்கு 5 வருடமும் இண்டைட்டபிளுக்கு 10 வருடமும் கழிந்ததும் கனடா பரோல் சபைக்கு விண்ணப்பிக்கலாம். 2022 ஜனவரியிலிருந்து கட்டணம் 50 டொலர். அது கிடைத்துவிட்டால் அந்தத் தீர்ப்பை வைத்து உங்களைத் தகுதியற்றவர் என்று சொல்ல முடியாது. பெரும் தொகை வாங்கிக்கொண்டு ‘நாங்கள் எடுத்துத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகும் முன் அந்தப் படிவத்தை நீங்களே ஒரு தடவை பாருங்கள்; பொறுமையாக நிரப்பக்கூடியதுதான்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சோமாலியக் குடும்பத்துப் பையன் அப்துல் அப்தி 6 வயதில் அகதியாக நோவா ஸ்கோஷியாவுக்கு வந்தான். அரசு அவனைக் குடும்பத்திலிருந்து எடுத்துத் தன் பராமரிப்பில் வைத்தது. 31 வீடுகளுக்கு மாற்றியது. சட்டப்படி பெற்றோரின் இடத்தில் இருந்தும், அவனுக்காகக் குடியுரிமை எடுத்துக் கொடுக்கவில்லை. வளர்ந்து குற்றம் செய்து சிறைக்குப் போய் வந்தபோது, அவனை ஒருபோதும் அறியாத நாட்டுக்கு அனுப்பும் நடவடிக்கை தொடங்கியது. நாடு முழுக்க எழுந்த குரலுக்கும் 2018 ஜூலையில் வந்த கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகே அது கைவிடப்பட்டது.

எங்கள் வீடுகளிலும் இது சிறிய அளவில் நடக்கிறது. மூன்று வயதில் தூக்கி வந்த பிள்ளை. ஆங்கிலம்தான் பேசும், யாழ்ப்பாணத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கும். தாய் தகப்பன் இரண்டு வேலை செய்ததில் விண்ணப்பம் தள்ளிக்கொண்டே போனது. பிள்ளைக்கு 22 வயதாகும்போது ஒரு சண்டை, ஒரு போத்தல், ஒரு வழக்கு. அன்றுதான் அவன் இன்னும் பி.ஆர். என்பது வீட்டுக்கு நினைவு வருகிறது. 2017 ஜூனிலிருந்து 18 வயதுக்குக் குறைந்தவர்கள், பெற்றோர் குடிமக்கள் ஆகாவிட்டாலும், தாங்களாகவே விண்ணப்பிக்க முடியும். பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பித்தால் பிள்ளை 1,095 நாள் கணக்கையும் காட்டத் தேவையில்லை. பிள்ளைக்கு 17 என்றால் இந்தக் கிழமையே படிவத்தை எடுங்கள்.